இல்லாத எழுத்தும் எழுதாத பெயரும்



தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மாணவர்கள் வந்து நின்றபோது, உமறுப் புலவரின் உவமைத் திறன் பற்றியோ குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களில் காணும் இறைக்காதல் பற்றியோ நாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். அவ்வாறு எழுத நம்மினும் வல்லார் இத்துறையில் உளர். நாம் இங்கு எழுதப் புகுவது, லினக்ஸ் என்னும் கணினி இயக்க முறையில் ஒரு சொற்பட்டியலைப் பொதியாகக் கட்ட முயன்று, அச்சுக்கோப்பு மென்பொருள் இல்லாமையால் பன்னிரண்டு நாள்கள் தடுமாறிய கதையை. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று பெரியோர் வினவலாம். வினவுவது முறையே. விடை கூறுவதற்கு நாம் முதலில் திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் முன்னர் இருந்த ஓர் அச்சுக்கூடத்திற்குப் போக வேண்டும்.

அங்கே நம் அத்தா அச்சுக்கோப்பவராகப் பணியாற்றினார். கம்பாசிட்டர் என்றால்தான் அந்நாளில் எவர்க்கும் விளங்கும். சாய்த்து வைத்த மரப்பெட்டியில் அறை அறையாக ஈய எழுத்துகள், இடக்கையில் ஸ்டிக், வலக்கை, கண்ணின் துணையை நாடாமலே, வேண்டிய எழுத்தை எடுத்து வந்து வைக்கும். பள்ளி விட்டதும் நாம் அங்கே போய் ஒரு மூலையில் அமர்ந்திருப்போம். கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டால் அச்சுக்கூடத்திற்கு இரவு என்பதே கிடையாது. மண்டகப்படி அழைப்பிதழ்கள், அன்னதானத் துண்டறிக்கைகள், கிரிவலப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் அமைத்தோர் பெயர்ப் பட்டியல் என்று ஓயாத வேலை. இடையிடையே நிக்காஹ் பத்திரிகைகளும் வரும். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த எழுத்துகள் காலையில் 'அருணாசலேசுவரர் துணை' என்று நின்றன. மாலையில் 'அல்லாஹ்வின் திருப்பெயரால்' என்று நின்றன. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தால் வழக்கொழிந்த, துதிக்கை வைத்த பழைய 'லை'களும் 'னை'களும் ஓர் அறையில் தூசி படிந்து கிடந்தன. அவற்றைத் தூக்கி எறிய அத்தாவுக்கு மனம் வரவில்லை.

அச்சுக்கூடத்தில் எழுத்துத் தட்டுப்பாடு அன்றாட நிகழ்ச்சி. ஒரு பக்கத்தில் 'ற்' மிகுதியாக வந்துவிட்டால் அவ்வறை காலியாகிவிடும். அப்போது அத்தா, அதே அகலமுள்ள வேறோர் எழுத்தை எடுத்து அங்கே தலைகீழாக வைப்பார். மெய்ப்பு எடுக்கும்போது எழுத்தின் அடிப்புறம் கறுப்புத் திட்டாகப் பதியும். 'இங்கே ஒன்று குறைகிறது' என்று அத்திட்டு படிப்பவர் கண்ணைக் குத்தும். அதன்பின் அடுத்த தெரு அச்சுக்கூடத்தில் ஒரு பிடி 'ற்' கைமாற்றாக வாங்கி வரப்படும். அதற்குப் பலமுறை நாமே போயிருக்கிறோம். தாளில் மடித்துத் தருவர். வேலை முடிந்ததும் எண்ணித் திருப்பித் தர வேண்டும். அந்தத் தலைகீழ் எழுத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அது தேவைப்படும்.

அறபு எழுத்து அங்கே ஒன்றுகூட இல்லை. 'பிஸ்மில்லாஹ்' மட்டும் ஒரு துத்தநாகப் பிளாக்காக, மரக்கட்டையின்மேல் ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தது.

நமக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு மாலையில் புலவர் ஐயா அந்த அச்சுக்கூடத்திற்கு வந்தார். பள்ளித் தமிழாசிரியர், புலவர் பட்டம் பெற்றவர், மதரசாவில் ஓதியவரும் ஆதலின் அறபும் நன்கறிந்தவர். மஞ்சள் பையிலிருந்து நான்கு குறிப்பேடுகளை எடுத்து அத்தாவின் முன் வைத்தார். சீறாப்புராணம் முதலிய இசுலாமியத் தமிழ் இலக்கியங்களில் பயிலும் அறபுச் சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றிற்கும் தமிழ் வடிவம், அறபு வடிவம், பொருள், பயின்ற இடம் ஆகியவற்றை அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். ஏறத்தாழ 1,800 சொற்கள். சீறா 5,027 பாடல்களால் ஆன பெருநூல். அதன் காண்டங்கள் மூன்றின் பெயர்களுமே அறபுச் சொல்லைக் கொண்டவை. விலாதத்து என்பது பிறப்பு. நுபுவ்வத்து என்பது நபித்துவம். ஹிஜ்றத்து என்பது மக்கா நீங்கி மதீனா சென்ற இடப்பெயர்வு. நூலின் வாயிலிலேயே அகராதி வேண்டியிருக்கிறது என்பது புலவர் ஐயாவின் கருத்து.

அத்தா பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, அறபு எழுத்து நம்மிடம் இல்லையே. எல்லாவற்றையும் தமிழிலேயே கோத்துவிட்டால் என்ன?" என்று கேட்டார்.

புலவர் ஐயா ஒரு பக்கத்தைத் திறந்து விரலால் காட்டினார். கல்பு, இதயம். அடுத்த வரி: கல்பு, நாய். "தமிழில் இரண்டிற்கும் ஒரே எழுத்துகள்தாம். அறபு இல்லாவிட்டால் இதயம் எது, நாய் எது என்று எப்படிச் சொல்வது?" என்றார். இதயத்தைக் குறிக்கும் சொல் அடிநாக்கில் பிறக்கும், மேலே இரு புள்ளிகள் பெற்ற காஃபில் தொடங்குகிறது. நாயைக் குறிக்கும் சொல் அதற்குச் சற்று முன்னே பிறக்கும் வேறொரு காஃபில் தொடங்குகிறது. ககரம் ஒன்றையே கொண்ட நாம் இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறோம். அத்தா சிரித்துவிட்டார். பின்னர்ச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணக்குப் போட்டார். 1,800 சொற்களுக்கும் தனித்தனியே பிளாக் செய்வதென்றால் ஆசிரியர் ஒருவர் தாங்கக்கூடிய செலவன்று. குறிப்பேடுகள் மஞ்சள் பைக்குள் திரும்பிச் சென்றன.

அதன்பின் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவை அச்சேறவில்லை. இடையில் ஒருமுறை, நம் எம்.ஃபில். ஆய்வின்போது, மூன்று மாதங்கள் அவை நம் வீட்டில் இருந்தன. அதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

கடந்த கல்வியாண்டில் புலவர் ஐயாவுக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கிவிட்டது என்று கேள்வியுற்று அவர் இல்லம் சென்றோம். குறிப்பேடுகளை அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். "படிக்கக் கூடிய காலத்திலேயே ஒருமுறை அச்சில் பார்த்துவிட்டால் நல்லது, தம்பி" என்றார். அவ்வளவே. நாம் அவற்றைக் கல்லூரிக்கு எடுத்து வந்து, கணினி அறிவியல் பயிலும் மாணவர் ஒருவரிடம் காட்டினோம். நம் கல்லூரி ஆய்வகத்துப் பழைய கணினிகள் இருபதில் டெபியன் லினக்ஸ் நிறுவப்பட்டிருக்கிறது. 1991இல் ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸைக் கருவாகக் கொண்டு, 1993இல் இயான் மர்டாக் தொடங்கிய தொகுப்பு அது. எவரும் விலையின்றி எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் தரலாம். ஊருக்கு வக்ஃபு செய்த கிணறு போன்றது என்று நாம் சொல்வதுண்டு. கிணற்றை ஆழப்படுத்தும் உரிமையும் எல்லார்க்கும் உண்டு என்பது கூடுதல் சிறப்பு.

மாணவர் ஒரு வழி சொன்னார். சொற்களை எல்லாம் தட்டச்சிட்டு, அவற்றைத் தேடுவதற்கு ஒரு சிறு நிரலும், அச்சிடத் தகுந்த நூல் வடிவமும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டிவிடலாம். கணினியார் பேக்கேஜ் என்பது இதுவே. ஒரு கட்டளையில் இருபது கணினிகளிலும் நிறுவலாம். திருத்தம் வந்தால் மீண்டும் கட்டினால் போதும்; நூல் வடிவமும் தானே புதிதாகிவிடும்.

அந்நூல் வடிவத்தை ஆக்குவதற்கு அவர் தேர்ந்த கருவி டெக் என்பது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டொனால்ட் குனுத், 1977இல் தம் நூலொன்றின் மெய்ப்பைக் கண்டு, அதன் எழுத்தழகு கெட்டிருந்தமை பொறாமல், நூல் எழுதுவதை ஒதுக்கி வைத்துவிட்டு அச்சுக்கோப்பிற்கென ஒரு மென்பொருளையே எழுதப் புகுந்தார். அத்தா இருந்திருந்தால் அவரை மெச்சியிருப்பார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் லேடெக் என்பதைக் கட்டினார். 2004இல் ஜொனாதன் கியூ வெளியிட்ட ஸீடெக், ஒருங்குறி எழுத்துகளையும் கணினியில் உள்ள எழுத்துருக்களையும் நேரே கையாளக் கூடியதாய் அமைந்தது. தமிழும் அறபும் ஒரே வரியில், ஒன்று இடமிருந்து வலமாகவும் மற்றொன்று வலமிருந்து இடமாகவும் செல்ல வேண்டிய நூலுக்கு அதுவே ஏற்றது. ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெக் என்னும் பெயரின் ஈற்றெழுத்து உண்மையில் கிரேக்க எழுத்து. அதைத் தொண்டை உரசி ஒலிக்க வேண்டும் என்று குனுத் வற்புறுத்துகிறார். ஆங்கிலம் மட்டும் படித்தோர்க்கு அவ்வொலி எளிதில் வாராது. மதரசாவில் 'கா' என்னும் எழுத்தை உஸ்தாதிடம் அடிவாங்கிக் கற்ற நம் பிள்ளைகளுக்கு முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது.

மாணவரின் மடிக்கணினியில் பொதி செவ்வனே எழுந்தது. நாம் மகிழ்ந்தோம். அவரோ, "இதை நம்பக்கூடாது ஐயா. வெற்றறையில் கட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்" என்றார்.

வெற்றறை என்பது நாம் இட்ட பெயர். பிபில்டர் என்னும் கருவி, கணினிக்குள்ளேயே ஒரு வெறுங்கணினியை உண்டாக்குகிறது. அதில் அடிப்படைப் பொருள்கள் தவிர வேறு ஒன்றும் இராது. பொதியைக் கட்டுவதற்கு எவையெவை வேண்டும் என்று பொதியின் ஆக்குநர் ஒரு பட்டியல் எழுதித் தர வேண்டும்; பில்டு டிபெண்ட்ஸ் என்று அதற்குப் பெயர். பட்டியலில் எழுதியவை மட்டுமே வெற்றறைக்குள் அனுமதிக்கப்படும். எழுதாதது எதுவாயினும், அது நம் வீட்டில் குவிந்து கிடந்தாலும், உள்ளே வாராது. டெபியனின் தலைமைக் கட்டுமானக் கணினிகளும் இம்முறையிலேயே உலகுக்கான பொதிகளைக் கட்டுகின்றன.

வெற்றறையில் நம் பொதி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. 'ஸீலேடெக்: நாட் ஃபவுண்ட்' என்று ஒரு வரி எழுந்தது, வேலை நின்றது. மாணவரின் மடிக்கணினியில் முதலாண்டிலேயே நிறுவிய அச்சுக்கோப்பு மென்பொருள் இருந்தது. இருந்ததை அவர் மறந்துவிட்டார்; மறந்ததால் பட்டியலில் எழுதவில்லை.

இத்தடுமாற்றம் நமக்கு மட்டும் நேர்வதன்று என்று பின்னர் அறிந்தோம். புள்ளியியலார் பயன்படுத்தும் ஆர் என்னும் மொழியில் பொதி கட்டுவோர், அதன் கையேட்டை ஆக்கும் இடத்தில் 'பிடிஎஃப்லேடெக் இல்லை' என்ற செய்தியைக் கண்டு திகைப்பது உலகெங்கும் நடப்பது. 2006இல், அதுவரை லினக்ஸில் பரவலாக வழங்கிய டிடெக் என்னும் தொகுப்பை இனிப் பேணப் போவதில்லை என்று அதன் ஆக்குநர் தாமஸ் எஸர் அறிவித்தார். பழைய பெயரைப் பட்டியலில் எழுதியிருந்த பொதிகள் பலவும் டெக் லைவ் என்னும் புதிய தொகுப்பின் பெயருக்கு மாற வேண்டியதாயிற்று.

ஆய்வகத்து நண்பர் ஒருவர் எளிய வழி கூறினார். 'ஆவணம் வேண்டா' என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கட்டளையோடு சேர்த்தால் அச்சுக்கோப்பையே தாண்டிப் பொதி எழுந்துவிடும் என்றார். ஆவணம் ஒரு துணையுறுப்பாய் இருக்கும் பொதிகளுக்கு அது தக்க வழியே. நமக்கோ அந்நூல்தான் பொதி. மற்றவை அதன் உறை. மடிக்கணினியில் முன்னரே ஆக்கிய நூற்கோப்பை அப்படியே உள்ளே வைத்துவிடலாம் என்று நாம் ஒரு குறுக்கு வழி கூறினோம். "நாளைக்கு ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமென்றால், நான் இல்லாதபோது யாராலும் முடியாது ஐயா" என்று மாணவர் மறுத்துவிட்டார். மாணவரிடம் பாடம் கேட்பது ஆசிரியர்க்கு இழுக்கன்று.

டெக் லைவ் முழுவதையும் இறக்கினால் பல ஜிகாபைட் ஆகும். அன்று பௌர்ணமி. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் மக்கள் வெள்ளம். ஊரில் கைப்பேசி இணைப்பு நடந்து செல்வோரைவிட மெல்ல நகர்ந்தது. ஆதலின் முழுத் தொகுப்பை விட்டு, வேண்டியவற்றை மட்டும் தேடி எழுதுவதென்று முடிவு செய்தோம். ஒரு கோப்பு இல்லையென்று செய்தி வந்தால், அது எந்தப் பொதியுள் இருக்கிறது என்று காட்டுவதற்கு ஆப்ட் ஃபைல் என்னும் கருவி உண்டு. முதலில் ஸீடெக் பொதியின் பெயரை எழுதினோம். அடுத்து, மொழிகளை மாற்றி மாற்றிக் கையாளும் பாலிகிளாசியா இல்லை என்றது, தேடி எழுதினோம். அடுத்து வேறொன்று. அதன்பின் தமிழ் எழுத்துரு இல்லை என்றது. கூகுள் நிறுவனத்தின் நோட்டோ எழுத்துருப் பொதியை எழுதினோம். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும் அப்பொறுமையைக் கண்டபோது, தாளில் மடித்த 'ற்' எழுத்துகளோடு தெருவில் ஓடிய நாள்கள் நினைவுக்கு வந்தன.

தமிழ் வந்தது, ஆனால் 'கொ' என்னும் எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னே நிற்காமல் பின்னே போய் நின்றது. எழுத்துருவோடு 'எழுத்துமுறை: தமிழ்' என்னும் குறிப்பையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதுவும் சீரானது.

ஏழாம் நாள் பொதி வெற்றறையில் முழுமையாக எழுந்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. மாணவர் முகம் மலர நூலைத் திறந்து காட்டினார். நாம் வழக்கம்போல் ககர வரிசைக்குப் போனோம். கல்பு, மூன்று வெற்றுக் கட்டங்கள், இதயம். கல்பு, மூன்று வெற்றுக் கட்டங்கள், நாய். 1,800 சொற்களிலும் அறபு இருக்க வேண்டிய இடத்தில் கட்டங்களே நின்றன.

நடந்தது இது. நோட்டோவின் தமிழ் எழுத்துருவில் அறபு எழுத்துகள் இல்லை. அறபுக்கென மாணவர் குறித்த எழுத்துரு மடிக்கணினியில் இருந்தது. ஆனால் 'அது கிடைக்காவிட்டால் தமிழ் எழுத்துருவையே கொள்க' என்று அவரே முன்னெச்சரிக்கையாக எழுதி வைத்திருந்தார். வெற்றறை அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது. இத்தகைய வெற்றுக் கட்டங்களைக் கணினியார் டோஃபு என்பர். சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி அது. அக்கட்டங்களே இனி இராது என்னும் பொருளில்தான் நோட்டோ என்று பெயர் சூட்டினார்களாம்! பெயரளவில் நின்றது அவ்வெண்ணம்.

அச்சுக்கோப்பு மென்பொருள் இதை அறியாமல் இல்லை. 'இவ்வெழுத்துருவில் இவ்வெழுத்து இல்லை' என்று ஒவ்வொன்றிற்கும் ஒரு வரி எழுதியிருந்தது. ஆனால் நாளேட்டுக் கோப்பின் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே, எவரையும் நிறுத்தாமல், தாழ்ந்த குரலில் எழுதியிருந்தது. வேலை வெற்றி என்று அறிவித்தது. அத்தா இப்படிச் செய்யமாட்டார். இல்லாத எழுத்தின் இடத்தில் தலைகீழ் எழுத்தை வைத்து, கறுப்புத் திட்டாய்க் காட்டி, குறையைத் தீர்க்கும்வரை அச்சேற்றமாட்டார். இதை மாணவரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் தேடி, அதற்கும் ஒரு வழி இருப்பதைக் கண்டார். 'டிரேசிங் லாஸ்ட் கேரக்டர்ஸ்' என்னும் அமைப்பிற்கு மூன்று என்ற மதிப்பைக் கொடுத்தால், இல்லாத எழுத்து ஒன்றைக் கண்டாலும் பிழையென்று காட்டிவிடும். டெக் லைவில் 2021 முதல் இவ்வசதி வந்திருக்கிறது. அதை இட்டு மீண்டும் கட்டினோம். முதல் அறபுச் சொல்லிலேயே பொதி நின்றது. நின்றது கண்டு இருவரும் மகிழ்ந்தோம் என்றால் வியப்பாக இருக்கும்.

அறபுக்கு அமீரி என்னும் எழுத்துருவைப் பட்டியலில் சேர்த்தோம். எகிப்தியர் காலித் ஹொஸ்னி ஆக்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோ நகரத்துப் புலாக் அச்சகத்தில் வழங்கிய ஈய எழுத்துகளின் வழிவந்தது. எழுத்தில்லா இடத்தில் எழுத்தைத் தேடி அலைந்தோர் வரிசை நீளமானது. தரங்கம்பாடியில் சீகன்பால்குக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713இல் வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாய் இருந்தமையால், தாள் போதாதென்று அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை அதற்கு உருக்கினர் என்று அச்சு வரலாறு எழுதியோர் குறிப்பர். 1842இல் சீறாப்புராணத்தை முதன்முதலில் அச்சேற்றிய செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் ஓலைச்சுவடிகளிலிருந்தே அதைச் செய்தார்.

பதினோராம் நாள், பொதியோடு சேர்க்க வேண்டிய இன்னொரு கோப்பை மாணவர் எழுதிக்கொண்டிருந்தார். எந்தப் பகுதியை யார் ஆக்கினார் என்று அதில் தெளிவாகக் கூற வேண்டும் என்பது டெபியனின் விதி. நாம் அருகில் அமர்ந்து வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஐயா, ஓர் ஐயம். முதல் 400 சொற்களை உங்கள் எம்.ஃபில். ஆய்வேட்டுப் பின்னிணைப்பிலிருந்துதானே எடுத்தோம்? அதற்கு உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். ஆனால் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றனவே. யார் பெயரை எழுத?"

தட்டச்சு வேலையைக் குறைக்கலாம் என்று, நாமேதான் பழைய குறுந்தகட்டை அவரிடம் கொடுத்திருந்தோம். அக்காலத்து எழுத்துருவுக்குரிய குறியீட்டில் இருந்ததால் திறந்தபோது பொருளற்ற கிறுக்கலாய்த் தெரிந்தது. மாணவர் முயன்று அதை ஒருங்குறிக்கு மாற்றினார். மாற்றியபோது நாம் எண்ணாத ஒன்று வெளிப்பட்டுவிட்டது.

நன்னூலார் சிறப்புப்பாயிரத்திற்குரிய செய்திகளுள் ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி'யை வைக்கிறார். இந்நூல் எதன் வழியாக வந்தது என்று சொல்லுதல் வேண்டும் என்பது பொருள். இதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். உமறுப் புலவர் தம்மைப் புரந்த அபுல் காசிம் மரைக்காயரைக் காப்பியத்துள்ளேயே பாடியதையும், கம்பர் சடையப்ப வள்ளலைப் பாடியதையும் நடத்துகிறோம். காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடியபோது, நம் திருவண்ணாமலையோடு இணைத்துப் போற்றப்படும் அருணகிரிநாதரின் நூற்பெயரையே தம் நூலுக்கு வைத்துத் தம் வழியை மறைக்காது காட்டியதையும் நடத்துகிறோம். நம் ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளர் பெயர் உண்டு. நூலகங்களின் பெயர்கள் உண்டு. தட்டச்சு செய்தவர் பெயரும் உண்டு. புலவர் ஐயாவின் பெயர் இல்லை. நாற்பது பக்கப் பின்னிணைப்பு அவருடைய குறிப்பேட்டிலிருந்து எடுத்தது. அச்சேறாத குறிப்பேட்டை அடிக்குறிப்பில் காட்டும் முறை தெரியவில்லை என்று அன்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மை அதுவன்று. அப்பகுதியைத் தேர்வாளர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தோம். பாராட்டவும் செய்தார்.

மாணவர் விடைக்குக் காத்திருந்தார். "எல்லாச் சொற்களுக்கும் புலவர் ஐயாவின் பெயரையே எழுதுக. பின்னிணைப்பும் அவருடையதே" என்றோம். அவர் ஒன்றும் கேளாமல் எழுதினார். நூலின் முன்னுரையை அன்றிரவு நாம் மாற்றி எழுதினோம். ஆய்வேட்டில் செய்த தவற்றையும் அதில் வெளிப்படையாகக் குறித்தோம்.

பன்னிரண்டாம் நாள் பொதி வெற்றறையில் எழுந்தது. இல்லாத எழுத்து ஒன்றும் இல்லை. அச்சிட்டுக் கட்டிய முதற்படியை எடுத்துக்கொண்டு, மாணவரோடு அஸர் தொழுகைக்குப் பின் புலவர் ஐயா இல்லம் சென்றோம். அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். நூலைக் கண்ணருகே கொண்டுபோய், முதலில் ககர வரிசையைத்தான் தேடினார். இரண்டு 'கல்பு'களையும் விரலால் தடவிப் பார்த்தார். "உங்கள் அத்தா பார்த்திருக்க வேண்டும்" என்றார்.

முன்னுரையை நாம் வாசித்துக் காட்டினோம். ஆய்வேட்டைப் பற்றிய பகுதி வந்தபோது குரல் தடைப்பட்டது. ஆயினும் முழுவதும் வாசித்தோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. உள்ளே திரும்பி, அலமாரியிலிருந்து ஒரு பழைய பழுப்பு உறையைக் கொண்டுவரச் சொன்னார். அதற்குள் நம் ஆய்வேட்டுப் பின்னிணைப்பின் நகல் இருந்தது. யார் கொடுத்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஓரங்களில் சிவப்பு மையில் அவருடைய கையெழுத்து.

"மூன்று பிழைகள் உள்ளன, தம்பி. வந்தால் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இரண்டு, பாட்டெண் மாறியவை. மூன்றாவதுதான் பெரிது. கமறு என்பதற்கு மது என்று எழுதியிருக்கிறீர். கா என்னும் எழுத்தில் தொடங்கினால் அது மது. காஃபில் தொடங்கினால் சந்திரன். என் ஏட்டில் காஃப்; நீர் எடுத்தெழுதும்போது அதைக் கா என்று மாற்றிவிட்டீர் போலும். சந்திரனைக் கள்ளாக்கிவிட்டீர்!"

மாணவர் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். புலவர் ஐயாவும் சிரித்தார். இந்நிகழ்ச்சியை மலரில் எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கள். ஆனால் மலரில் என் பெயர் வேண்டா, நூலில் இருக்கிறதே, போதும்" என்றார். ஆதலின் இக்கட்டுரையில் அவர் பெயரை எழுதவில்லை.

குறுந்தகட்டிலிருந்து எடுத்த 400 சொற்களோடு அம்மூன்று பிழைகளும் நூலுக்குள் வந்திருந்தன. திண்ணையிலேயே மடிக்கணினியைத் திறந்து மாணவர் அவற்றைத் திருத்தினார். பதிப்பு எண்ணை 1.0 என்பதிலிருந்து 1.1 என்று மாற்றினார். வெற்றறையில் மீண்டும் கட்ட விட்டார். வேலை நடந்துகொண்டிருக்கும்போது புலவர் ஐயா திரையருகே குனிந்து, ஓடும் வரிகளைப் பார்த்து, "இது என்ன எழுதுகிறது?" என்று கேட்டார். கட்டுவதற்கு வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி வரவழைக்கிறது என்று மாணவர் விளக்கினார்.